சிம்பியன்: வாழ்ந்து கெட்ட கதை

2007-ம் வருடம் உலகம் முழுக்க விற்ற ஸ்மார்ட் போன்களில் நூற்றுக்கு 63 போன்களுக்குள் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு சாஃப்ட்வேர். பெயர், சிம்பியன். கார்ட்னர் நிறுவனம் எடுத்த கணக்கு இது. மிச்சமிருந்த 37-ல்தான் மைக்ரோசாஃப்ட், பிளாக்பெர்ரி, லினக்ஸ், அந்த வருடம்தான் பிறந்திருந்த ஐபோன் எல்லாம் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

அதிலிருந்து சரியாக ஆறாவது வருடம். 2013 ஜனவரியில் நோக்கியா சொல்லிவிட்டது. இனிமேல் சிம்பியன் போன் கிடையாது. முடிந்தது கதை.

வியாபாரத்தில் ஏற்ற இறக்கம் சகஜம்தான். ஆனால் இது இறக்கமில்லை. மாடியிலிருந்து குதித்த மாதிரி. அதுவும் யார்? சொத்தை சரக்கா என்றால் இல்லை. அந்தக் காலத்தில் இருந்ததிலேயே அதிக யோசனையோடு எழுதப்பட்ட சாஃப்ட்வேர்களில் ஒன்று அது. பிறகு ஏன் செத்தது?

ஏன் என்றால், அது சிக்கனமாக வாழக் கற்றுக்கொண்ட பிள்ளை. அந்தச் சிக்கனம்தான் அதை வாழ வைத்தது. அதே சிக்கனம்தான் கடைசியில் காலை வாரியது. எப்படி என்று பார்க்கலாம்.

கதை ஆரம்பிப்பது போன் கம்பெனியில் அல்ல. லண்டனில், ஒரு பிசிக்ஸ் வாத்தியாரிடம்.

டேவிட் பாட்டர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1980-ல் சயான் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். முதலில் சின்னச் சின்ன வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு விளையாட்டு சாஃப்ட்வேர் எழுதி விற்றார்கள். கைக்குக் காசு வந்தது. 1984-ல் துணிந்து ஒரு பெட்டியைச் செய்தார்கள். சயான் ஆர்கனைசர். பார்க்க கால்குலேட்டர் மாதிரி இருக்கும். விலாசம், குறிப்பு, கணக்கு எல்லாம் போட்டு வைத்துக்கொள்ளலாம். பாக்கெட்டில் அடங்கும் கம்ப்யூட்டர்.

அப்புறம் 1991-ல் சீரிஸ் 3. 1997-ல் சீரிஸ் 5. இந்த ஐந்தாம் நம்பர்தான் நமக்கு முக்கியம். திறந்தால் முறையான கீபோர்டு. மேலே, பேனா மாதிரி ஒரு குச்சியால் தொட்டு வேலை வாங்கக்கூடிய ஸ்கிரீன். ஆமாம், டச் ஸ்கிரீன்தான். 1997-ல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்ளே என்ன இருந்தது? 18 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு ஏ.ஆர்.எம். சிப். நினைவகம், நீங்கள் வாங்கும் மாடலைப் பொறுத்து 4 எம்.பி. அல்லது 8 எம்.பி. கரண்ட்டுக்கு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்த மாதிரி செல் இரண்டு. அவ்வளவுதான். இன்றைக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு வீடியோ 8 எம்.பி.யைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த 8 எம்.பி.க்குள் டைரி, விலாசப் புத்தகம், கடிதம் எழுதும் சாஃப்ட்வேர், கணக்குப் போடும் சாஃப்ட்வேர் என்று ஒரு ஆபீஸே நடந்தது.

எப்படி நடத்தினார்கள்? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

இந்த மெஷினுக்காக சயான் புதிதாக எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயர் ஈபாக். ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் வேறொன்றுமில்லை, கல்யாண வீட்டு காண்ட்ராக்டர் மாதிரி. யாருக்கு எவ்வளவு இடம், யார் எப்போது அடுப்பைப் பிடிக்கலாம், யார் காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள். ஈபாக்கை எழுதியவர்களுக்கு ஒரு பெரிய கவலை. ஆபீஸ் கம்ப்யூட்டரை ராத்திரி அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அதில் ஏதாவது ஒரு புரோகிராம் கொஞ்சம் மெமரியை எடுத்துக்கொண்டு திருப்பித் தர மறந்தாலும், காலையில் மறுபடி ஆன் செய்யும்போது எல்லாம் சரியாகிவிடும். ஆனால் பாக்கெட் கம்ப்யூட்டரை யாரும் முழுசாக அணைப்பதே இல்லை. மூடினால் தூங்கும், திறந்தால் விழிக்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அப்படியே. ஒரு புரோகிராம் தினம் ஒரு சொட்டு மெமரியை ஒழுக விட்டால்கூட, ஒரு நாள் தொட்டி காலி. டைரி, விலாசம் எல்லாம் போச்சு.

அதனால் சட்டம் போட்டார்கள். கடுமையான சட்டம்.

வாடகைப் பாத்திரக் கடை பார்த்திருப்பீர்கள். அண்டா நாலு, கரண்டி பத்து, வாளி ஆறு என்று நோட்டில் எழுதிக்கொண்டுதான் தருவார்கள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தாலும் சரி, பாதியில் நின்றுபோனாலும் சரி, நோட்டைப் பார்த்து எண்ணி வாங்கிக்கொள்வார்கள். ஈபாக்கில் இதற்குப் பெயர் கிளீனப் ஸ்டேக். புரோகிராம் எழுதுகிறவர், மெமரி கேட்டு வாங்கியதுமே அதை நோட்டில் எழுதிவிட வேண்டும். நடுவில் ஏதாவது தப்பு நடந்து வேலை நின்றால், சிஸ்டம் நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒரு கரண்டி தொலையாது.

இன்னொன்று. ஓட்டலில் மேஜைக்கு ஒரு சர்வர் போட்டால் சம்பளம் கட்டுப்படியாகாது. ஒரே சர்வர், கூப்பிடுகிற மேஜைக்கு மட்டும் எழுந்து போவார், மற்ற நேரம் உட்கார்ந்திருப்பார் என்று வைத்தால்? ஈபாக்கில் ஆக்டிவ் ஆப்ஜெக்ட் என்று ஒரு ஏற்பாடு அப்படித்தான் வேலை செய்தது. கூப்பிட யாரும் இல்லாவிட்டால் சிப் தூங்கும். சிப் தூங்கினால் செல் தீராது.

இப்படிப் பல சட்டங்கள். எல்லாம் ஒரே நோக்கத்துக்காக. வீணாக்காதே. அந்தச் சட்டங்களை மனப்பாடம் செய்து எழுதப் பழகுவதற்குள் ஒரு நல்ல என்ஜினீயருக்கே மாதக்கணக்கில் ஆகும். ஆனால் எழுதி முடித்தால், அந்தப் புரோகிராம் கல்லு மாதிரி நிற்கும்.

இந்த நேரத்தில் செல்போன் கம்பெனிகளுக்கு வேறு ஒரு பயம் பிடித்திருந்தது.

கம்ப்யூட்டர் உலகத்தில் என்ன நடந்தது என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி செய்கிறவன் ராப்பகலாக உழைக்கிறான். லாபம் விண்டோஸ் விற்கிற மைக்ரோசாஃப்டுக்குப் போகிறது. நாளைக்கு போனும் கம்ப்யூட்டராக மாறப்போகிறது. அப்போது நாமும் வெறும் பெட்டி செய்கிறவர்கள் ஆகிவிடுவோமா? விடக்கூடாது. நமக்கென்று ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும்.

1998 ஜூன் மாதம் நோக்கியா, எரிக்சன், சயான் மூவரும் சேர்ந்து லண்டனில் சிம்பியன் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். மோட்டரோலாவும் அதே வருடம் வந்து சேர்ந்தது. வெளியே ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளத் துடிக்கிற போட்டியாளர்கள், இங்கே ஒரே பெஞ்சில். சயான் தன் ஈபாக்கைக் கொடுத்தது. சயானில் அந்த சாஃப்ட்வேருக்குத் தலைமை தாங்கிய காலி மையர்ஸ்தான் முதல் தலைமை அதிகாரி. பின்னால் பானசோனிக்கின் தாய்க் கம்பெனியான மட்சுஷிதா, சீமென்ஸ், சாம்சங் எல்லாரும் பங்கு வாங்கினார்கள். கூட்டுக் குடும்பம்.

கூட்டுக் குடும்பம் என்றால் தெரியுமே. வாசல் ஒன்று, அடுப்பு தனித்தனி.

சிம்பியன் கம்பெனி அடிப்படை சாஃப்ட்வேரை மட்டும்தான் செய்யும். கண்ணுக்குத் தெரிகிற மெனு, ஐகான், பட்டன் எல்லாம் அவரவர் இஷ்டம். நோக்கியா எண் பட்டன்கள் உள்ள போனுக்காக சீரிஸ் 60 என்று ஒன்று செய்தது. எரிக்சன் பக்கம் குச்சியால் தொடுகிற ஸ்கிரீனுக்காக யு.ஐ.க்யூ. வந்தது. ஜப்பானில் டோகோமோ கம்பெனியின் போன்களுக்கு மோப் என்று இன்னொன்று. உள்ளே ஓடுகிற ரத்தம் ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்காக எழுதிய அப்ளிகேஷன் இன்னொன்றில் ஓடாது. புரோகிராம் எழுதுகிறவன் தலையில்தான் விடிந்தது. அப்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாபாரம் அமோகமாக இருந்தது.

முதல் சிம்பியன் போன், 2000-ல் வந்த எரிக்சன் ஆர் 380. அதில் வெளி அப்ளிகேஷன் எதையும் போட முடியாது. 2001-ல் நோக்கியா 9210 கம்யூனிகேட்டர். மூடினால் போன், புத்தகம் மாதிரி திறந்தால் கம்ப்யூட்டர். இரண்டுமே கோட்டு சூட்டு ஆசாமிகளுக்கு.

சாதாரண ஜனங்களைப் பிடித்தது 2002-ல் வந்த நோக்கியா 7650. சீரிஸ் 60-ன் முதல் போன். பின்னால் கேமரா இருந்தது. அடுத்த வருடம் 6600 வந்தது. குண்டாக, சோப்புக் கட்டி மாதிரி இருக்குமே, அதுதான். அதில் வீடியோ எடுக்கலாம். ஒரு அப்ளிகேஷனை மூடாமல் இன்னொன்றைத் திறக்கலாம். நண்பனிடமிருந்து ஒரு விளையாட்டை ப்ளூடூத்தில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். போன் என்பது பேசுவதற்கு என்று இருந்த நினைப்பு உடைந்தது. கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே கடைசிவரை இருக்கத் தேவையில்லாத ஒரு போன். நீங்கள் சேர்க்கச் சேர்க்க வளர்கிற போன். இன்றைக்கு நாம் ஸ்மார்ட் போன் என்று எதைச் சொல்கிறோமோ, அந்தப் பழக்கத்தைக் கோடிக்கணக்கான பேருக்கு முதலில் ஏற்படுத்தியது சிம்பியன்தான். 2006 நவம்பரில், விற்ற சிம்பியன் போன்களின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது.

வளர்கிற இடத்தில் வியாதியும் வரும். 2004 ஜூனில் கேபிர் வந்தது. செல்போனிலிருந்து செல்போனுக்குத் தானே பரவிய முதல் வைரஸ் இதுதான். ப்ளூடூத் வழியாகப் பக்கத்து போனைத் தட்டும். "வாங்கிக்கொள்ளவா?" என்று போன் கேட்கும். ஆமாம் என்று அழுத்தினால் தீர்ந்தது. மறுவருடம் ஹெல்சிங்கியில் உலகத் தடகளப் போட்டி நடந்தபோது, ஸ்டேடியத்தில் கூடியிருந்த ஜனங்களின் போன்களுக்குள் அது புகுந்து விளையாடியது. நோக்கியாவின் சொந்த ஊரில்!

சிம்பியன் உடனே பூட்டுப் போட்டது. ஒன்பதாவது பதிப்பில், ஒவ்வொரு அப்ளிகேஷனும் எதையெதைத் தொடலாம் என்று அனுமதி வாங்க வேண்டும். விலாசப் புத்தகத்தைப் பார்க்க ஓர் அனுமதி, நெட்டுக்குப் போக ஓர் அனுமதி. இன்றைக்கு உங்கள் போன் "இந்த ஆப் உங்கள் கேமராவைப் பயன்படுத்தலாமா?" என்று கேட்கிறதல்லவா? அந்தச் சிந்தனை சிம்பியனில் 2005-லேயே இருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் செய்த விதம் முரடு. பெரிய அனுமதிகள் வேண்டுமென்றால் அப்ளிகேஷனைப் பரிசோதனைக்குக் கொடுத்து, காசு கட்டி, சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். போதாக்குறைக்குப் பழைய அப்ளிகேஷன் எதுவும் புதுப் பதிப்பில் ஓடாது. என் 70-ல் ஆசை ஆசையாகப் போட்டு வைத்த அப்ளிகேஷன், என் 73 வாங்கியதும் வேலை செய்யவில்லை என்று புலம்பியவர்கள் ஏராளம். எழுதியவர்கள் அதைவிட அதிகமாகப் புலம்பினார்கள்.

இதற்கிடையே குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைப் பேச்சு. 2003-ல் மோட்டரோலா பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. 2004-ல் பெற்ற தாயான சயானே கிளம்பிவிட்டது. கைக் கம்ப்யூட்டர் வியாபாரத்தை அது ஏற்கெனவே மூட்டை கட்டியிருந்தது. சயானின் 31 சதவிகிதப் பங்கை முழுசாக வாங்கிக்கொள்ள நோக்கியா கையை நீட்டியது. வாங்கியிருந்தால் நோக்கியாவிடம் 63 சதவிகிதம் சேர்ந்திருக்கும். மற்றவர்கள் பதறிப்போனார்கள். ஆளாளுக்குக் கொஞ்சம் வாங்கி, நோக்கியாவை 47.9 சதவிகிதத்தில் நிறுத்தினார்கள். பாதிக்கு ஒரு மயிரிழை கீழே. பேருக்குப் பொதுச்சொத்து. ஆனால் விற்கிற போன்களில் பெரும்பாலானவை நோக்கியா. மற்றவர்களுக்கு மனசுக்குள் உறுத்தல். நம்ம போட்டியாளனின் சாஃப்ட்வேருக்கு நாம் ஏன் ஒவ்வொரு போனுக்கும் ராயல்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்?

இப்படி இருக்கும்போதுதான் 2007 ஜனவரி 9-ம் தேதி, ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி ஐபோனைக் காட்டினார்.

நோக்கியாவில் இருந்தவர்கள் ஏன் அலட்சியமாக இருந்தார்கள் என்று இன்றைக்குக் கேட்பது சுலபம். அன்றைய கணக்கைப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அந்த வருடம் நோக்கியா விற்ற என் 95-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 5 மெகாபிக்சல் கேமரா, ஜி.பி.எஸ்., 3ஜி, வீடியோ, எம்.எம்.எஸ்., காப்பி பேஸ்ட், வெளி அப்ளிகேஷன். முதல் ஐபோனில்? கேமரா 2 மெகாபிக்சல். 3ஜி இல்லை. வீடியோ எடுக்க முடியாது. எம்.எம்.எஸ். இல்லை. காப்பி பேஸ்ட்கூட இல்லை. வெளி அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்ய வழியே இல்லை. பட்டியல் போட்டு டிக் அடித்தால் ஐபோன் ஃபெயில்.

ஆனால் ஜனங்கள் பட்டியல் போடவில்லை. விரலால் தள்ளிப் பார்த்தார்கள். வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு விரலால் விரித்தார்கள். படம் பெரிதானது. முடிந்தது.

அந்த வழுக்கல் எங்கிருந்து வந்தது? ஊதாரித்தனத்திலிருந்து வந்தது. ஆப்பிள் தன் மேஜைக் கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கொஞ்சம் இளைக்க வைத்து போனுக்குள் திணித்தது. 128 எம்.பி. மெமரி வைத்தது. ஆரம்பத்தில் வந்த என் 95-ல் 64-தான். ஆப்பிள்காரர்கள் பேட்டரி ஒரு நாள் தாங்கினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். தினம் ராத்திரி சார்ஜ் போடு, என்ன இப்போது? மெமரியும் சிப்பும் வருடா வருடம் விலை குறைந்துகொண்டே வருகிறது. அப்புறம் எதற்குக் கரண்டியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்?

இதுதான் திருப்பம். 8 எம்.பி. காலத்தில் எழுதிய சட்டங்கள், மெமரி மலிந்த காலத்தில் விலங்காகிவிட்டன. ஒரு சின்ன அப்ளிகேஷன் எழுதக்கூட சிம்பியனில் நோட்டுப் போட்டு, கணக்கு வைத்து, பூஜை புனஸ்காரம் எல்லாம் செய்தாக வேண்டும். ஐபோனுக்கும், 2008-ல் முதல் போன் வந்த ஆண்ட்ராய்டுக்கும் ஒரு கல்லூரி மாணவனே வாரக் கடைசியில் உட்கார்ந்து ஏதோ ஒன்றை எழுதிவிடலாம். 2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. கூட்டம் அங்கே போனது. நோக்கியாவின் ஓவி ஸ்டோர் திறந்தது 2009 மே மாதம்.

டச் ஸ்கிரீனை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. சயான் சீரிஸ் 5-ல் இருந்தது. சிம்பியனின் ஒரு கிளையான யு.ஐ.க்யூ.வில் இருந்தது. ஆனால் வீட்டில் பெரியவரான நோக்கியாவின் சீரிஸ் 60, எண் பட்டனுக்கென்றே செய்யப்பட்டது. ரத்தத்தில் இருந்த வித்தையை மறுபடி கற்றுக்கொண்டு நோக்கியா 5800 வெளியே வந்தபோது 2008 கடைசி. அதுவும் அழுத்தித் தொட வேண்டிய ஸ்கிரீன். மேலே தொடுதிரை, கீழே அதே பழைய மெனு. ஜிப்பாவுக்கு மேல் கோட்டு போட்ட மாதிரி.

நோக்கியா சும்மா இருக்கவில்லை. 2008 ஜூனில், 26 கோடியே 40 லட்சம் யூரோ கொடுத்து மீதிப் பங்கையெல்லாம் வாங்கி சிம்பியனை முழுசாகத் தன்னுடையதாக்கிக்கொள்வதாக அறிவித்தது. பிறகு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2010 பிப்ரவரியில் மொத்த புரோகிராமையும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஆண்ட்ராய்டு இலவசமாகக் கிடைக்கும்போது வேறு வழி? ஆனால் காலம் கடந்துவிட்டது. அந்த வருடமே சோனி எரிக்சனும் சாம்சங்கும் சிம்பியனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஆண்ட்ராய்டு பக்கம் நகர்ந்தார்கள்.

நோக்கியாவுக்குள் யாருக்குமே தெரியவில்லையா? தெரிந்திருந்தது. இன்சியாட் மேலாண்மைக் கல்லூரி ஆராய்ச்சியாளர் ஒருவரும் ஃபின்லாந்து ஆராய்ச்சியாளர் ஒருவரும், நோக்கியாவில் வேலை செய்தவர்களைப் பேட்டி எடுத்துப் பின்னால் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாரம் இதுதான்: பயம். மேலே இருந்தவர்களுக்குப் பங்குச் சந்தையைப் பார்த்து பயம். நடுவில் இருந்தவர்களுக்கு மேலே இருந்தவர்களைப் பார்த்து பயம். சாஃப்ட்வேர் தயாராகவில்லை என்ற உண்மையைச் சொன்னால் வேலைக்கு உலை. அதனால் "ஆகிவிடும் சார்" என்றார்கள். ஆகவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. 2010-ல் சிம்பியனின் பங்கு 37.6 சதவிகிதமாக இறங்கிவிட்டது. ஆனால் விற்ற போன்களின் எண்ணிக்கை? 11 கோடியே 15 லட்சம். அதற்கு முன் எந்த வருடத்திலும் அவ்வளவு விற்றதில்லை! வீட்டுக்கு வருமானம் ஏறிக்கொண்டே இருந்தது. ஆனால் ஊர் அதைவிட வேகமாகப் பணக்காரனாகிக்கொண்டிருந்தது. விற்பனை எண்ணை மட்டும் பார்க்கிறவனுக்கு ஆபத்து தெரியாது. அந்த வருடத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஆண்ட்ராய்டு முந்திவிட்டது என்று கனாலிஸ் நிறுவனம் கணக்குச் சொன்னது.

2010 செப்டம்பரில் நோக்கியாவுக்குப் புதுத் தலைவர் வந்தார். ஸ்டீபன் ஈலாப். கனடாக்காரர். எங்கிருந்து வந்தார்? மைக்ரோசாஃப்டிலிருந்து. எந்தக் கம்பெனியைப் பார்த்து பயந்து சிம்பியனை ஆரம்பித்தார்களோ, அங்கிருந்தே.

2011 பிப்ரவரியில் அவர் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று வெளியே கசிந்தது. கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் ஒருவன். மேடை தீப்பிடித்து எரிகிறது. நின்றால் சாவு. குதித்தால் உறைய வைக்கும் தண்ணீர். அவன் குதிக்கிறான். நோக்கியாவும் எரியும் மேடையில்தான் நிற்கிறது என்றார் ஈலாப். அந்த வாரமே, பிப்ரவரி 11-ம் தேதி அறிவிப்பு வந்தது. நோக்கியா இனி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறும். சிம்பியன் போன் இன்னும் 15 கோடி விற்கும் என்று எதிர்பார்க்கிறோம், அப்புறம் மெல்ல மெல்ல நிறுத்திவிடுவோம்.

ஒரு கடைக்காரர் நினைத்துப் பார்ப்பாரா, "இந்தப் பண்டம் சீக்கிரம் கெட்டுவிடும், இப்போது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போர்டு வைக்க? நோக்கியா வைத்தது. புது விண்டோஸ் போன் கடைக்கு வருவதற்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. 2010-ன் கடைசி மூன்று மாதத்தில் நோக்கியா 2 கோடியே 83 லட்சம் ஸ்மார்ட் போன் விற்றிருந்தது. 2011 ஏப்ரல் முதல் ஜூன் வரை விற்றது 1 கோடியே 67 லட்சம். மேடையில் ஏற்கெனவே புகை வந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் மண்ணெண்ணெய் ஊற்றியது அந்த அறிவிப்பு.

சிம்பியன் எழுதிக்கொண்டிருந்த சுமார் 2,800 பேரை அக்செஞ்சர் கம்பெனிக்கு மாற்றினார்கள். ஃபின்லாந்து, பிரிட்டன், சீனா, இந்தியா, அமெரிக்கா என்று சிதறியிருந்தவர்கள். பத்து வருடமாகக் கஷ்டப்பட்டுக் கற்ற வித்தை. கரண்டியை எண்ணுவதில் உலகத்திலேயே கெட்டிக்காரர்கள். அந்த வித்தைக்கு இப்போது கிராக்கி இல்லை.

2012-ல் 41 மெகாபிக்சல் கேமராவோடு 808 ப்யூர்வியூ வந்தது. உலகமே வாய் பிளந்தது. அதுதான் கடைசி. அணைகிற விளக்கு சுடர் விட்டு எரியும் என்பார்களே, அது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரமே மைக்ரோசாஃப்டின் கைக்குப் போனது. அங்கேயும் அது தேறவில்லை என்பது தனிக்கதை.

ஃபின்லாந்துக்கு இது ஒரு கம்பெனியின் கதை மட்டுமில்லை. 2000-ல் அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் 4 சதவிகிதம் நோக்கியா ஒன்றே கொடுத்துக்கொண்டிருந்தது. சாலோ என்ற ஊரில் இருந்த நோக்கியாவின் போன் தொழிற்சாலை 2012-ல் மூடப்பட்டது. ஊரே வேலை தேடியது.

அந்த அதிர்ச்சியின் கடைசி அலை நம்ம ஸ்ரீபெரும்புதூர் வரை வந்தது. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையில் செய்தவை பெரும்பாலும் விலை குறைந்த சாதாரண போன்கள். சிம்பியன் போன்கள் அல்ல. ஆனால் பெரிய வீட்டின் உத்தரம் முறிந்தால் திண்ணை மட்டும் நிற்குமா? போதாததற்கு, போனுக்குள் போடும் சாஃப்ட்வேருக்காக ஃபின்லாந்து தலைமையகத்துக்கு அனுப்பிய பணத்துக்கு வரி பிடிக்கவில்லை என்று 2013-ல் வருமான வரித் துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. வழக்கில் சிக்கிய தொழிற்சாலையை மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொள்ளவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதியோடு உற்பத்தி நின்றது. சுங்குவார்சத்திரம் பக்கமும் காஞ்சிபுரம் பக்கமும் வீட்டுக்கு முதல் மாதச் சம்பளம் கொண்டுவந்த பெண்கள் பலர் அங்கேதான் வேலை பார்த்தார்கள். இருபதுகளின் பாதியில் அவர்கள் கையில் செட்டில்மென்ட் பணமும் ஒரு கேள்விக்குறியும். பல வருடம் பூட்டிக் கிடந்த அந்த இடத்தை சால்காம்ப் என்ற கம்பெனி வாங்கி 2020-ல் மறுபடி திறந்தது. அவர்கள் செய்வது சார்ஜர். சப்ளை, ஆப்பிளுக்கு. தினம் ராத்திரி சார்ஜ் போடச் சொன்ன அதே ஆப்பிளுக்கு.

சரி, சிம்பியன் எதையாவது விட்டுவிட்டுப் போனதா? போனது. போனில் அப்ளிகேஷன் போடலாம், படம் எடுக்கலாம், வழி கேட்கலாம், ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்கலாம் என்று பெரும் ஜனத்திரளுக்கு முதலில் பழக்கிவிட்டது. இன்றைய ஆப்களின் அனுமதிக் கேள்விகளுக்கு முன்னோடியாக இருந்தது. சிம்பியனின் பெயர் தெரியாத குழந்தைகள்கூட இன்று அது போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

பஞ்சத்தில் வளர்ந்த சில பெரியவர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் சம்பாதித்து வீடு நிறைந்த பிறகும், ஆள் இல்லாத அறையில் லைட்டை அணைத்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் குடும்பமே தேறியிருக்காது. சிம்பியன் செய்த ஒரே பிழை, பஞ்சம் தீர்ந்துவிட்டது என்பதை யாரும் அதற்கு நேரத்தில் சொல்லாததுதான். சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். "ஆகிவிடும் சார்" என்று சொல்லிவிட்டுச் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.